சாமியாத்தாள் உப்பை விட்ட கதை

துடியலூருக்கு வடக்கே, மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு இறங்கி வண்டித்தடத்தில் கொஞ்சதூரம் போனால் கந்தப்பனுடைய தோட்டம் வரும். சர்க்கார் ரிக்கார்டில்தான் அது கந்தப்பன் தோட்டம். சுற்றுவட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சாமியாத்தாள் தோட்டம் என்றுதான் வழி சொல்லுவார்கள். கந்தப்பனே அப்படித்தான் சொல்லுவார். பெண்டாட்டிதான் குடும்பத்தை நடத்துகிறாள் என்று ஒப்புக்கொள்வதில் அந்த மனுஷனுக்குக் கூச்சம் கிடையாது.

சாமியாத்தாள் பிடிவாதக்காரி. ஒரு பஞ்ச வருஷத்தில் அவர்கள் கிணறு வற்றிப்போயிற்று. ஆழப்படுத்த வந்தவர்கள், பாறை தட்டிவிட்டது, இனி வெட்டினாலும் வீண்தான் என்று கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறப் பார்த்தார்கள். இவள் கிணற்றுப்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"பாறைக்கு அடியில என்ன இருக்குதுன்னு பார்த்துப்போட்டு மேல வாங்க. அதுவரைக்கும் சோறு கீழயே வருமுங்க" என்றாள்.

சோறு கீழே போயிற்று. கொஞ்ச நாளில் தண்ணீரும் மேலே வந்தது. அதற்குப் பிறகு அவளிடம் யாரும் வீண் என்ற வார்த்தையைச் சொல்வதில்லை.

பிடிவாதத்துக்கு அடுத்தபடி அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது அவள் போடும் நாரத்தங்காய். அவளுடைய அண்ணன் ஈஸ்வரமூர்த்தி கல்லாற்றுப் பக்கமிருந்து கன்று கொண்டுவந்து வாய்க்கால் ஓரம் நட்ட மரம் அது. காய்க்க ஆரம்பித்ததும் ஊருக்கே காய்த்தது. காயைச் சுருளாக அறுத்து, உள்ளே கல்லுப்பைத் திணித்து, பகலெல்லாம் வெயிலில் காயவைத்து, இரவெல்லாம் அந்த உப்புத் தண்ணீரிலேயே ஊறப்போடுவாள். தண்ணீர் முழுக்கச் சுண்டி, துண்டின் மேல் உப்பு வெள்ளையாகப் பூக்கும்வரை விடமாட்டாள். அந்த வீட்டில் அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மட்டும் இல்லை, மருந்தும் அதுதான். யாருக்காவது தலை சுற்றினால் பித்தம் என்பார்கள். பித்தம் என்றால் வாயில் ஒரு துண்டு நாரத்தங்காய். சாமியாத்தாளுக்கு அடிக்கடி தலை சுற்றும். அதனால் சேலை மடியில் எப்போதும் இரண்டு துண்டு இருக்கும்.

அவள் பிறந்த வீட்டில் எல்லோருக்குமே பித்த உடம்பு என்று பேச்சு. அவளுடைய அம்மா ஆட்டுக்கல் பக்கத்தில் மாவு வழிக்கும்போது சாய்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. பித்தம் தலைக்கேறிவிட்டது என்றார்கள். பிறகு ஈஸ்வரமூர்த்தி. தலைச்சுற்றலை வெறும் பித்தந்தான் என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனவர், மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பேச்சில் விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போய், தொண்டையில் ஒரு சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. தங்கைதான் வண்டி கட்டிக்கொண்டுபோய்த் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பித்தம் தெளிந்தால் கை கால் திரும்பிவிடும் என்று நம்பி, கஞ்சியில் நாரத்தங்காயைக் கரைத்துத் தன் கையாலேயே ஊட்டினாள். அடுத்த மழைக்கு முன்னால் அவர் போய்விட்டார். அவள் அன்றைக்கு அழுதது போல அதற்கு முன்னும் அழுததில்லை, பின்னும் அழுததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் சித்திரையில் அவளுக்கே மூக்கில் ரத்தம் கொட்டியது. கிணற்றடியில் குனிந்து குடம் தூக்கியவளின் முன்னால் தண்ணீர் சிவப்பாகிவிட்டது. ஈரத்துணி போட்டும் நிற்கவில்லை. கந்தப்பன் வண்டி பூட்டினார். கோயமுத்தூரில் பாலகோபால் டாக்டர் என்று ஒருவர் ஏழை பணக்காரன் பார்க்காமல் வைத்தியம் செய்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தார். அவரிடமே கொண்டுபோனார்.

டாக்டர் முதலில் மூக்கில் பஞ்சு வைத்து ரத்தத்தை நிறுத்தினார். பிறகு கையில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி ரப்பர் பந்தை அமுக்கினார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறியது. இன்னும் ஏறியது. டாக்டர் மறுபடியும் ஒருமுறை பட்டையைச் சுற்றிப் பார்த்தார்.

"அம்மணி, இது பித்தம் இல்லீங்க. ரத்தம் குழாய்க்குள்ள இருக்க வேண்டிய வேகத்துக்கு மேல அழுத்திட்டு ஓடுது. ரத்த அழுத்தம்னு பேரு" என்றார்.

"மடையில தண்ணி மீறிப் போனா கரை ஒடைஞ்சுருமுங்களே, அப்படிங்களா?"

"அப்படித்தானுங்க. மூக்குல ஒடைஞ்சா ரத்தம் வெளிய வந்துருது. மண்டைக்குள்ள ஒடைஞ்சா கை கால் விழுந்துரும்."

சாமியாத்தாள் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். அம்மாவைப் பற்றியும் சொன்னாள். டாக்டர் முழுவதும் கேட்டார்.

"அவங்களை நான் பார்க்கலீங்க. ஆனா நீங்க சொல்றதைக் கேட்டா அதுவாத்தான் இருக்கோணும். சில குடும்பத்துல இது வழிவழியா வருதுங்க."

மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. மத்தியானத்தில் படுத்து எழ வேண்டும், கோபத்தைக் குறைக்க வேண்டும், முக்கியமாக உப்பை விட வேண்டும் என்றார். கோபத்தைக் குறைக்கச் சொன்னபோது கந்தப்பன் கூரையைப் பார்த்தார்.

"உப்பில்லாம எப்படிங்க வாய்ல வெக்கறது?"

"எலுமிச்சை, நாரத்தை எல்லாம் நெறையச் சேத்துக்குங்க. உப்பு இல்லாத கொறை தெரியாது. எலுமிச்சையே அழுத்தத்தை எறக்கிப்போடும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேனுங்க. ஆனா சீமையில இப்ப அதை ஆராய்ச்சி பண்ணீட்டிருக்காங்க. அந்தச் சாறுல ஏதோ ஒரு சத்து இருக்குதாம், மயிரு மாதிரி இருக்கற சின்ன ரத்தக்குழாயைக் கசியாம கெட்டிப்படுத்துதாம். பத்திரிகையில படிச்சேன். கெடுதல் ஒன்னுமில்லீங்க."

சாமியாத்தாள் அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டாள். அண்ணன் விழுந்த மாதிரி விழுவதில்லை. ஒரே மகள் ராசாத்தாளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கை கால் விழுந்த தாயை வைத்துக்கொண்டு அந்தப் பெண் எங்கே போகும்?

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அவள் அந்தக் குப்பையைத்தான் தின்றாள். தனக்கென்று தனிச் சட்டியில் குழம்பு. களியில் உப்பு இல்லை, பருப்பில் உப்பு இல்லை, மோரில் உப்பு இல்லை. வாயில் வைத்தால் பச்சை மண். ஊரில் கேட்டவர்களுக்கு அவள் பதில் சொல்லவில்லை. உப்பில்லாமல் ஒரு பெண் சாப்பிட்டால் மாரியாத்தாளுக்கு விரதம் என்று ஊரே முடிவு செய்துகொள்ளும், செய்துகொண்டது. இவளும் மறுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போனாள். பாதரசம் முன்னைவிட மேலே ஏறி நின்றது.

டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. "அம்மணி, உப்பைத் தொடாம இருக்கறீங்களா?"

"மாரியாத்தா சத்தியமா ஒரு கல்லு உப்பு வாயில வெக்கலீங்க."

"கொஞ்சங்கூட?"

"ஏனுங்க, நான் பொய் சொல்றனுங்களா?" என்றவளுக்குக் கோபத்தில் தலை சுற்றியது. பழக்கதோஷத்தில் மடியை அவிழ்த்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அது என்னங்க?"

"நாரத்தங்காயிங்க. நீங்கதானே நெறையச் சேத்துக்கச் சொன்னீங்க? முன்னெல்லாம் ரெண்டு துண்டு, இப்ப ஒரு நாளைக்கு ஒரு கிண்ணமே ஆயிருதுங்க."

டாக்டர் கையை நீட்டினார். அவள் மிச்சமிருந்த துண்டைக் கொடுத்தாள். அவர் அதை நகத்தால் சுரண்டினார். மேஜைமேல் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது.

இதைப் படிக்கிறவர்கள் அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். சட்டியில் இருக்கும் உப்பு வேறு, நாரத்தங்காய் வேறு என்றுதான் அந்தப் பக்கத்தில் எல்லாப் பெண்களும் நினைத்தார்கள். குழம்பில் போடுவது உப்பு. ஊறுகாயில் இருப்பது ஊறுகாய். அதைப் போய் யார் உப்பென்று கணக்கு வைப்பார்கள்? டாக்டரும் அதைத் தனியாகச் சொல்லவில்லை. அவரும் இந்த ஊர்க்காரர்தானே. சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

"நாந்தான் சொல்லியிருக்கோணுங்க. பச்சைச் சாறைச் சொன்னேன். இது உப்புக்குமேல நாரத்தைத் தோலைச் சுத்தின மாதிரி இருக்குது" என்றார்.

சாமியாத்தாள் வாயிலிருந்ததைத் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அவள் கண்ணுக்கு முன்னால் கஞ்சிக் கிண்ணமும் அண்ணனுடைய கோணின வாயும் வந்து நின்றன.

"எங்கண்ணனுக்கு நானே இதைக் கரைச்சு ஊட்டினேனுங்க. தெனமும்."

"அவரு அதுக்கு முன்னாலயே விழுந்துட்டாருங்க. அதனாலதான் போனாருன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"அதனால போகலைன்னும் சொல்ல முடியாதுங்களே."

அவள் எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜாடிகளைத் தூக்கினாள். தோட்டத்து எல்லையில், பயிரில்லாத கல்லாங்காட்டில் குழி வெட்டி எல்லாவற்றையும் கொட்டினாள். மூன்று வருஷத்துப் பழைய நாரத்தங்காய், தேன்போலக் கறுத்து இருந்தது. கந்தப்பன் குழிக்கு மேலே இழவு வீட்டில் நிற்கிறவர்போல நின்றார்.

"எனக்கு ஒடம்புக்கு ஒன்னுமில்லியே அம்மணி. ஒரு ஜாடி எனக்குன்னு வெச்சிருக்கலாமில்ல?"

"ஊட்டுல இருந்தா நான் தின்னுபோடுவனுங்க. என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

மண்ணைத் தள்ளி மூடினாள். சாமியாத்தாளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரில் பேச்சு. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா?

அதற்குப் பிறகுதான் உண்மையான பாடு ஆரம்பித்தது. வெறும் உப்பை விட்டபோது துணைக்கு ஊறுகாயாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. கை தானாக மடிக்குப் போகும். வெறும் மடியைத் தடவிவிட்டுத் திரும்பும். கனவில்கூட நாரத்தங்காய் தின்றாள். விடிந்ததும் தன்மேலேயே எரிச்சலாக வரும். அந்த எரிச்சலிலேயே வாய்க்கால் ஓரத்துக்குப் போய்ப் பச்சைக் காயைப் பறித்து, பிழிந்து, தண்ணீர் விட்டுக் குடிப்பாள். புளிப்பும் கசப்புமாக முகம் எட்டுக் கோணலாகும். கொள்ளு ரசத்தில் எலுமிச்சை பிழிந்தாள். கம்மஞ்சோற்று மோரில் பிழிந்தாள். நாரத்தை இலையைப் பச்சைமிளகாயோடு இடித்துத் தொட்டுக்கொண்டாள். ஆடி போய் ஆவணி வந்தபோது நாக்கு வழிக்கு வந்துவிட்டது. தப்பித்தவறி ஒருநாள் வீட்டாருக்கு வைத்த குழம்பை ருசி பார்த்தவள், இதென்ன உப்பளத்துத் தண்ணியா என்று கரண்டியைக் கீழே போட்டாள்.

பாதரசம் இறங்கியிருந்தது. முழுக்க அல்ல, ஆனால் டாக்டர் சிரிக்கும் அளவுக்கு.

"எலுமிச்சைச் சாறு வேலை செஞ்சுபோட்டுதுங்களா?" என்று கேட்டாள்.

"உப்பை விட்டதா, சாறா, மத்தியானம் படுக்கறதா, எதுன்னு எனக்குத் தெரியாதுங்க. எதையும் விட்றாதீங்க. விட்டா மறுக்கா ஏறிரும். அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

அவளும் விடவில்லை.

இப்படியிருக்கையில் ராசாத்தாளுக்குப் பெருந்துறைப் பக்கம் ஒரு இடம் அமைந்தது. கருப்புசாமி, நாச்சியம்மாள் தம்பதியின் மூத்த மகன். நல்ல குடும்பம், நல்ல பூமி, பையனும் நல்ல மாதிரி. இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய், உப்புச்சக்கரை மாற்ற நாள் குறித்தார்கள். கொங்கு நாட்டில் இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். அதுவரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். மாற்றிய பிறகு கை நனைக்காமல் எழுந்திருக்கவும் கூடாது. எழுந்திருந்தால் அதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

உப்புப் போட்ட விருந்தை இவள் என்ன செய்வாள் என்று கந்தப்பன் யோசித்தார். "ஒரு நேரந்தானே? தின்னுபோடு. ஒன்னும் ஆகாது."

"ஒரு நேரம் தின்னா மறுநாளு ஒரு ஜாடி கேக்குமுங்க."

"அப்பிடீன்னா மாரியாத்தாளுக்கு விரதம்னு சொல்லிப்போடலாம். ஊரே அப்பிடித்தானே நெனைச்சிட்டிருக்குது? நோவுன்னு மட்டும் வாயத் திறந்துறாதே. வம்சத்துல வர்ற நோவுன்னு தெரிஞ்சா எவன் பொண்ணெடுப்பான்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சாமியாத்தாளும் அதற்குத் தலையாட்டிவிட்டாள். ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் ராசாத்தாள் காட்டிலிருந்து வெயிலில் வந்தவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயில் எதையோ அடக்கியிருந்தாள்.

"என்ன கண்ணு அது?"

"பக்கத்துத் தோட்டத்துல ஒரு துண்டு நாரத்தங்காய் வாங்கினேம்மா. தலை கிறுகிறுங்குது. பித்தமாட்டம் இருக்குது."

வெறும் வெயிலாகத்தான் இருக்கும். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு என்ன வந்துவிடப்போகிறது? சாமியாத்தாளுக்கும் அது தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் அந்த வீட்டுக்குப் போவாள். அங்கே பிள்ளை பெறுவாள். ஒருநாள் தலை சுற்றி உட்காருவாள். நல்ல மனசோடு யாரோ ஒருத்தி நாரத்தங்காயைக் கொண்டுவந்து வாயில் வைப்பாள்.

"நான் விரதம்னு சொல்லமாட்டேனுங்க" என்றாள் புருஷனிடம்.

"அவ கல்யாணம் நிக்கோணுமா?"

"பித்தம்னு பேர் வெச்சு எங்கம்மாளைச் சாவ விட்டோம். எங்கண்ணனுக்கு நானே ஊட்டினேன். இப்ப விரதம்னு பேர் வெச்சு என்ற பொண்ணை அனுப்பச் சொல்றீங்களா?"

ரயிலை விட்டு இறங்கி வண்டியில் ஏறும்போது கந்தப்பன், "யோசிச்சுப் பேசு அம்மணி" என்றார்.

உப்பும் சர்க்கரையும் மாற்றியாயிற்று. பங்காளிகள், உறவுமுறை என்று கூடம் நிறைந்திருந்தது. ஆண்கள் ஒரு வரிசை, எதிரே பெண்கள் ஒரு வரிசை. நாச்சியம்மாள் சம்பந்தியம்மாளுக்குத் தன் கையாலேயே பரிமாற வந்தாள். நல்ல உயரம், நிறைந்த முகம். முதலில் இலை ஓரத்தில் உப்பு வைக்கக் குனிந்தாள். சாமியாத்தாள் இலைமேல் கையை விரித்தாள்.

"எனக்கு உப்பு வேண்டாமுங்க சம்மந்தி. கொழம்பும் வேண்டாம். வெறுஞ்சோறும் தயிரும் போதும். ஒரு எலுமிச்சம்பழம் இருந்தா அறுத்துக் குடுங்க."

வரிசையில் பேச்சு நின்றது. இப்போதுதான் உப்பு மாற்றினோம், அதற்குள் எங்கள் வீட்டு உப்பு வேண்டாமா என்பது நாச்சியம்மாளின் முகத்தில் அப்படியே தெரிந்தது. எதிர்வரிசையிலிருந்து கந்தப்பன் அவசரமாகச் சொன்னார்: "அவளுக்கு விரதமுங்க. மாரியாத்தாளுக்கு."

நாச்சியம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அதைச் சொல்றதுக்கென்னங்க? சாமி காரியம்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். வரிசையில் மறுபடி பேச்சு எழுந்தது. எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டது. சாமியாத்தாள் வாயை மூடிக்கொண்டு தயிர்ச்சோற்றைத் தின்றிருந்தால் போதும்.

"விரதம் இல்லீங்க" என்றாள்.

கந்தப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"நோவுங்க. ரத்த அழுத்தம்னு பேரு. எங்கம்மா இதுலதான் போனாங்க. எங்கண்ணன் கை கால் விழுந்து போனாரு. எனக்கும் இருக்குது. கோயமுத்தூர்ல டாக்டரு கருவி வெச்சுப் பார்த்துச் சொன்னாரு. உப்பை விட்டு, பச்சைச் சாறைக் குடிச்சுட்டு நான் நடமாடீட்டிருக்கறேன். என்ற பொண்ணுக்கு இப்ப ஒன்னுமில்லை. நாளைக்கு வந்தாலும் வரலாம். மறைச்சுக் கட்டிக்குடுக்க எனக்கு மனசு வரலீங்க. உங்க ஊட்டுல அவளுக்குத் தலை சுத்துச்சுன்னா பித்தம்னு சொல்லி நாரத்தங்காயைக் குடுத்துறாதீங்க. டாக்டருகிட்டக் கூட்டீட்டுப் போங்க. இதுக்கு மேல உங்க இஷ்டமுங்க."

ஒரு கிழவர், "வம்சத்துலயே நோவா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. சாமியாத்தாள் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் வாழ்வை நானே கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தாள். ஆனால் சொன்னதைத் திரும்பப் பெற அவளுக்குத் தோன்றவில்லை.

நாச்சியம்மாள் உப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே நின்றாள். அவள் சாமியாத்தாளைப் பார்க்கவில்லை. எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த தன் புருஷனைப் பார்த்தாள். கருப்புசாமிக்குக் கழுத்தும் காதும் சிவந்திருந்தன. காலையிலிருந்து தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இலையில் சோற்றுக்கும் முன்னதாக வைத்திருந்தது இரண்டு துண்டு நாரத்தங்காய். ஒன்றை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தார்.

நாச்சியம்மாள் அத்தனை பேர் முன்னாலும் வரிசையைத் தாண்டிப் போய், புருஷன் விரலிலிருந்து அந்தத் துண்டைப் பிடுங்கினாள்.

"உப்பு மாத்தினது மாத்தினதுதானுங்க சம்மந்தி" என்றாள். "அந்த டாக்டரு எந்த வீதியில இருக்காரு?"

"ஏம்புள்ள, எனக்கு அதெல்லாம் ஒன்னுமில்ல. வெறும் பித்தந்தான்" என்றார் கருப்புசாமி.

சாமியாத்தாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"எங்கண்ணனும் அதேதானுங்க சொன்னாரு."